கதை எழுதியவருக்குப் பிள்ளை எழுதும் கடிதம்

“டீச்சர், இவங்களுக்கு எழுதினா படிப்பாங்களா?”

ஆண்டு நான்கு மாணவி ஒருத்தி, பள்ளி நூலகமான வள மையத்து மேசையில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, பின்னட்டையில் இருந்த எழுத்தாளரின் படத்தை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டாள். டிராகன் கதை. தடிப் புத்தகம். பள்ளி விடுமுறையில் இரண்டு முறை படித்து முடித்திருந்தாள். “படிப்பாங்க” என்றேன். “அப்போ எழுதலாம்” என்று அங்கேயே ஒரு தாள் கேட்டாள்.

எனக்கு மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை. வள மையமும் என் பொறுப்பு. அந்தப் பிள்ளைக்குத் தாள் எடுத்துக் கொடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நாலைந்து பேர் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் மாயக்கதை, மந்திரக்கதை எழுதுகிறவர்களுக்குத்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். காரணம் புரிகிறது. நம்மைப் போன்ற ஒரு வீட்டைப் பற்றிய கதை என்றால் மிச்சத்தைப் பிள்ளையே யோசித்துக்கொள்ளும். மழை பெய்தால் டிராகன் எங்கே ஒதுங்கும் என்பதை அதை எழுதியவரிடம்தான் கேட்க முடியும்.

இதை எப்படிச் செய்வது என்று பெற்றோரும் மற்றப் பள்ளி ஆசிரியர்களும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறை, முகவரி, எடை, அஞ்சல்தலை எல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. உள்ளே இருக்கும் தாள் பிள்ளையின் பொறுப்பு. நான் பார்த்தவரை, கெட்டுப்போன கடிதங்கள் எல்லாம் அந்தத் தாளுக்குள் பெரியவர் கை போனதால் கெட்டவை.

உறையை முதலில் எழுதுங்கள்

ஆலிஸின் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் கடிதம் எழுதுவதில் பெரிய ஆள். 1861ஆம் ஆண்டு தொடங்கி, தாம் எழுதிய கடிதம், தமக்கு வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஒரு பதிவேடு வைத்திருந்தார். 1898இல் அவர் இறந்தபோது அதில் கடைசி எண் 98,721. கடிதம் எழுதுவது எப்படி என்று 1890இல் ஒரு சின்னக் கையேடும் வெளியிட்டார். கடிதத்தைத் தொடங்கும் முன்பே உறையில் முகவரி எழுதி அஞ்சல்தலையும் ஒட்டிவிட வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் யோசனை. இல்லாவிட்டால் கடைசி நிமிடம்வரை எழுதிக்கொண்டே இருந்துவிட்டு, முகவரியை அவசரத்தில் கிறுக்குவோம் என்கிறார்.

நாங்களும் உறையில்தான் தொடங்குகிறோம். அதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. முகவரியைத் தேடும்போதுதான் எழுத்தாளர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மொழி வாசிப்பார், உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் தெரிய வருகிறது. பிள்ளை இரண்டு பக்கம் உருகி எழுதி முடித்த பிறகு, அவர் காலமாகிவிட்டார் என்று சொல்வது கொடுமை. ரோல்ட் டாலுக்கு எழுத வேண்டும் என்று இன்றும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர் 1990இலேயே மறைந்துவிட்டார். அட்டையில் சிரிக்கிற முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

முகவரி எங்கே கிடைக்கும்? தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால், சின்ன எழுத்தில் பதிப்புரிமை விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பள்ளிகளில் நடக்கும் நீலாம் வாசிப்புத் திட்டத்தின் பதிவில் பதிப்பகத்தின் பெயர் எழுதுவதற்காக நம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பழகியிருப்பார்கள். அதனால் தேடச் சொன்னால் உடனே கண்டுபிடிக்கிறார்கள். எழுத்தாளரின் வீட்டு முகவரியைத் தேடாதீர்கள். கிடைத்தாலும் அங்கே எழுதாதீர்கள். எழுத்தாளர் பெயர் முதல் வரியில், அதற்குக் கீழே ‘மே/பா’ (இவர் மூலமாக, ஆங்கிலத்தில் c/o) போட்டுப் பதிப்பகத்தின் பெயர், பிறகு முகவரி. பதிப்பகத்தார் சேர்த்து வைத்து அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்ப்புப் புத்தகம் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. அதில் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் முகவரி பெரிதாகவும், மூலப் பதிப்பகத்தின் பெயர் ஒரு ஓரத்தில் ஒற்றை வரியிலும் இருக்கும். எழுத்தாளருக்குப் போக வேண்டுமானால் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். சென்னைப் பதிப்பகங்கள் தொலைபேசி எண்ணையும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஒரு தடவை அழைத்துக் கேட்டுவிட்டால் நல்லது.

எழுத்தாளருக்குச் சொந்த இணையத்தளம் இருந்தால் அதையும் பாருங்கள். வாசகர் கடிதங்களை எங்கே அனுப்புவது என்று பலர் அங்கேயே சொல்லியிருப்பார்கள். மின்னஞ்சல் மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்படியே செய்யுங்கள், ஆனால் அப்பா அம்மாவின் மின்னஞ்சலிலிருந்து.

வெளிநாட்டு உறையில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கடைசி வரியாகத் தனியே எழுத வேண்டும். அனுப்புநர் முகவரியாக நான் பள்ளி முகவரியைத்தான் போடச் சொல்வேன். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி. அது போதும். வீட்டு எண், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். பதில் வந்தால் அலுவலகத்தில் வாங்கி வைப்பார்கள். ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையும் மலேசியா என்பதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கிருந்து இங்கேயே அனுப்பிப் பழகிய கைக்கு நாட்டின் பெயர் எழுத மறந்துபோகும்.

ஒரு பையனின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சுங்கை பட்டாணியில் இருக்கும் பாட்டி வீட்டு அலமாரியில் வாண்டுமாமாவின் பழைய புத்தகம் ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் பக்கம் இல்லை, நூல் பிரிந்து கிடக்கிறது. மாமா என்று பெயரிலேயே இருக்கிறதே, எழுதினால் பதில் போடுவார் என்று வந்துவிட்டான். உறையை எடுத்து வைத்துவிட்டுத்தான் தேடினோம். 2014இல் மறைந்துவிட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “இந்தப் புத்தகத்தைச் சின்ன வயசுல யார் படிச்சாங்க?” என்று கேட்டேன். பாட்டி. அப்புறம் அந்த உறையில் பாட்டியின் முகவரியை எழுதினான். ‘பாட்டி, நீங்க படிச்சப்போ எந்த இடத்துல பயந்தீங்க? எனக்குக் குகையில பயமா இருந்துச்சு’ என்று தொடங்கினான். ஒரே வாரத்தில் மூன்று பக்கம் பதில் வந்தது. பாட்டிக்கும் குகைதானாம்.

உள்ளே என்ன எழுதுவது

இங்கேதான் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

பத்தில் ஒன்பது பிள்ளைகள் முதலில் எழுதித் தருவது கதைச் சுருக்கம். நாம் பழக்கிய பழக்கம் அது. புத்தகம் என்றாலே தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, சுருக்கம், நன்னெறி என்று எழுதி எழுதி, எழுத்தாளருக்கே அவருடைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ‘இக்கதையில் ஒரு சிறுவன் காட்டுக்குச் செல்கிறான். அங்கே ஒரு கதவைக் காண்கிறான்’ என்று போகும். கதை அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்தப் புத்தகம் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டுக்குள் வந்த பிறகு என்ன நடந்தது என்பது.

அதனால் பிள்ளையிடம் நான் மூன்று கேள்விகள்தான் கேட்பேன். எங்கே உட்கார்ந்து படித்தாய்? எந்த இடத்தில் நிறுத்தினாய்? புத்தகத்தை மூடிய பிறகு என்ன செய்தாய்? பதிலை வாயால் சொல்லச் சொல்வேன். சொல்லும்போது நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை. சொல்லி முடித்ததும், “இப்போ சொன்னியே, அதை எழுது” என்பேன்.

ஒன்றை அப்படியே காட்டுகிறேன். ஆண்டு ஐந்து மாணவி ஒருத்தி எழுதிய முதல் பிரதி இது: ‘தங்களின் கதை மிகவும் அருமையாகவும் விறுவிறுப்பாகவும் இருந்தது. கதாபாத்திரங்கள் மனத்தைக் கவர்ந்தன. இதுபோன்ற கதைகளைத் தாங்கள் மேலும் எழுத வேண்டும்.’ கட்டுரைக்கு என்றால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். எங்கே படித்தாய் என்று கேட்டேன். பாகான் டாலாமில் தாத்தா வீடு, ராத்திரி, கரண்ட் இல்லை, அம்மாவின் கைப்பேசி வெளிச்சத்தில் படித்திருக்கிறாள். அப்புறம் அவள் எழுதியது: ‘அந்தக் கதவை அவன் தொடும் இடம் வந்தபோது கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கதவு திறந்ததா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை படுத்திருந்தேன். தாத்தாவின் குறட்டை கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலவே இருந்தது.’

எந்த எழுத்தாளர் இதைப் படித்துவிட்டு மடித்து வைப்பார்? அந்தப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு யாரும் எழுத முடியாத மூன்று வரிகள். நான் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.

நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ், தமக்கு வந்த பிள்ளைகளின் கடிதங்களுக்குத் தம் கையாலேயே பதில் எழுதியவர். அந்தப் பதில்கள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1985இல் தனிப் புத்தகமாகவே வந்தன. 1956இல் ஒரு அமெரிக்கச் சிறுமிக்கு எழுத்தைப் பற்றிச் சில யோசனைகள் எழுதியிருந்தார். ஒரு விஷயம் பயங்கரமாக இருந்தது என்று சொல்லாதே, படிக்கிறவருக்கே பயம் வரும்படி அதை விவரி. சின்ன விஷயத்துக்குப் பெரிய சொல்லைப் போடாதே. இவை அதில் இருப்பவை. ‘மிகவும் அருமை’யை எடுத்துவிட்டுச் சார்ஜ் தீர்ந்ததை எழுதச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது கேள்விகள். ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ‘உங்களுக்கு எப்படிக் கற்பனை வருகிறது’, ‘எந்த வயதில் எழுத ஆரம்பித்தீர்கள்’ என்பவை ஏற்கெனவே நூறு இடங்களில் அவர் பதில் சொல்லிவிட்ட கேள்விகள். கதைக்குள்ளிருந்து கேட்கச் சொல்லுங்கள். டிராகனுக்குத் தண்ணீர் ஆகாது என்றால் மழை நேரத்தில் எங்கே இருக்கும்? மந்திரக்காரியின் கைத்தடியை யார் செய்து கொடுத்தார்கள்? மறைந்துபோன அந்தத் தங்கை இப்போது எத்தனாவது படிக்கிறாள்? எங்கள் பிள்ளைகள் கேட்டவைதான் இவை. எழுத்தாளரையே யோசிக்க வைக்கும் கேள்விகள்.

பிள்ளைகள் கேட்டுக் கதை மாறியதுண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். உண்டு. ஓஸ் நாட்டுக் கதையின் முதல் புத்தகத்தை எல். ஃபிராங்க் பாம் 1900இல் வெளியிட்டார். அதோடு முடித்துவிடத்தான் நினைத்திருந்தார். பிள்ளைகள் விடவில்லை. கடிதம் கடிதமாக எழுதினார்கள். ஆயிரம் சிறுமிகள் ஆயிரம் கடிதம் எழுதினால் இன்னொன்று எழுதுகிறேன் என்று ஒரு சிறுமியிடம் சொல்லியிருந்ததை, 1904இல் வந்த இரண்டாம் புத்தகத்தின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். 1910இல், ஓஸ் நாட்டுக்கும் நமக்கும் இனித் தொடர்பே இல்லை என்று கதையிலேயே எழுதித் தொடரை நிறுத்திப் பார்த்தார். கம்பியில்லாத் தந்தி மூலம் தொடர்புகொள்ளலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. 1913இல் மறுபடியும் தொடங்கினார். மொத்தம் பதினான்கு புத்தகங்கள். இதை நான் வகுப்பில் சொன்னால் பின்வரிசை வரைக்கும் பென்சில் எடுத்துவிடுவார்கள்.

கோபமும் எழுதலாம். ஓநாய் செத்துப்போனதற்காக ஒரு பையன் பொங்கிப் பொங்கி எழுதினான். ‘நீங்கள் நினைத்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம். உங்கள் கையில்தானே பேனா இருந்தது?’ என்று கேட்டிருந்தான். மரியாதையில்லாமல் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் டீச்சர் என்று அவன் அம்மா சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. திட்டவில்லை, பழிக்கவில்லை, அழுதிருக்கிறான். அம்மாவிடம் அதை எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்த வரி அப்படியே போனது.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இலவசப் புத்தகம் கேட்கக் கூடாது. தான் எழுதிய கதையை அனுப்பித் திருத்தித் தரச் சொல்லக் கூடாது. பிறர் அனுப்பும் கதைகளைப் பல எழுத்தாளர்கள் படிப்பதே இல்லை. பின்னால் என் கதையை எடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு வந்துவிடும் என்று தவிர்த்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அது புரியும், சொன்னால் போதும். ‘ஆசிரியர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்’ என்ற வரி எந்தக் கடிதத்திலும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு நிலைமை வந்தால் அந்தப் பிள்ளை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை வகுப்பு முழுவதையும் உட்கார வைத்துக் கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப் போட்டேன். இருபத்தெட்டுக் கடிதங்கள், இருபத்தெட்டும் ஒன்று. எதையும் அஞ்சலில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு, தானாக வந்து கேட்கிற பிள்ளைக்கு மட்டும்தான் தாள்.

நம் ஊரைப் பற்றி நாலு வரி இருக்கட்டும். பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. “இங்க என்ன டீச்சர் இருக்கு?” என்பார்கள். எங்கோ குளிரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு நம் கடற்கரையும் ஃபெரியும் வேறு உலகம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பையன் பினாங்குப் பாலத்தைப் பற்றி எழுதினான். கடலின் மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர், 1985இல் திறந்தார்கள் என்று விவரமெல்லாம் போட்டுவிட்டு, ‘அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போகும்போது, உங்கள் டிராகன் பாலத்துக்கு அடியில் படுத்தால் வால் எந்தக் கரையில் இருக்கும் என்று கணக்குப் போடுவேன்’ என்று முடித்திருந்தான். பாலத்தின் நீளம் அவருக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கணக்கு அவனிடம் மட்டும்தான் கிடைக்கும்.

எந்த மொழியில்

தமிழ் எழுத்தாளருக்குத் தமிழில் எழுதுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. எப்படி அழைப்பது என்று மட்டும் பிள்ளைகள் தயங்குவார்கள். ‘அன்புள்ள ஐயா’, ‘அன்புள்ள அம்மா’ என்று தொடங்கினால் போதும். புத்தகத்தில் தம்மை மாமா என்றோ அத்தை என்றோ அவரே சொல்லிக்கொண்டிருந்தால் அப்படியே அழைக்கலாம்.

ஆங்கில எழுத்தாளர் என்றால்தான் பெரியவர் கை உள்ளே வரும். ஒரு மாணவனின் அப்பா கடிதத்தை அழகான ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாம் வரியில் அவன் நின்றுவிட்டான். தன் பெயரில் போகிற கடிதம், தனக்கே வாசிக்க வரவில்லை. மகனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் அந்த அப்பா உட்கார்ந்து செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் பையன் இல்லை.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். முதலில் தமிழில் எழுதுவார்கள், முழுமையாக. அப்புறம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வேறொரு தாளில் எழுதுவார்கள். சொல் தெரியாவிட்டால் கேட்கலாம், நான் சொல்வேன். எழுத்துப் பிழைகளில், பொருளே மாறிவிடும் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுவேன். மற்றவை கிடக்கட்டும். பத்து வயதுப் பிள்ளை எழுதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இரண்டு தாள்களும் சேர்ந்தே போகும். தமிழ் எழுத்தை அந்த எழுத்தாளர் அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். ஒரு மாணவி தமிழ்த் தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு, ‘இது உங்கள் டிராகனின் பெயர், எங்கள் எழுத்தில்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

தாள், எடை, அஞ்சல்தலை

சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். உறையும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டு தாள் கடிதம், ஒரு தாளில் ஓவியம், உறை எல்லாம் சேர்த்து 20 கிராம். அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். எடை கூடக் கூடக் கட்டணமும் கூடும். கவுண்டரில் நிறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் போன முறை கொடுத்ததை நம்பி வீட்டிலேயே ஒட்டாதீர்கள். அஞ்சல்தலையை முதலில் ஒட்டச் சொல்லும் கரோலின் யோசனை இந்த ஓர் இடத்தில் மட்டும் நமக்குச் சரிப்படாது.

பேனாவால் எழுதட்டும். பென்சில் மங்கிவிடும். ஓவியம் வண்ணப் பென்சிலில் இருந்தால் மேலே ஒரு வெறும் தாள் வைத்து மடியுங்கள். மினுக்குத் தூள் தூவ வேண்டாம், பிரிக்கிறவர் மடியெல்லாம் கொட்டும். காசு, நோட்டு எதுவும் உள்ளே வைக்கக் கூடாது. இலை, பூ, விதையும் கூடாது, மற்ற நாடுகளில் செடிப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வேப்பிலை அனுப்ப ஆசைப்பட்ட பிள்ளையை அதைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொன்னேன். நரம்பெல்லாம் பதிந்து, இலையைவிட அழகாக வந்தது.

பதிலுக்கு உறை வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் அதில் மலேசிய அஞ்சல்தலை ஒட்டிப் பயனில்லை. லண்டனிலிருந்து வரும் கடிதத்துக்கு அந்த நாட்டு அஞ்சல்தலைதான் செல்லும். இதற்காகவே பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் என்று ஒன்றை 1906இல் உலக அஞ்சல் ஒன்றியம் கொண்டுவந்தது. இப்போது பல நாடுகள் அதை விற்பதையே நிறுத்திவிட்டன. அதைத் தேடி அலைய வேண்டாம். முகவரியை ஒட்டுத்தாள் ஒன்றில் தெளிவாக எழுதி உள்ளே வையுங்கள், பதில் எழுதுகிறவர் எடுத்து ஒட்டிக்கொள்வார். மூடுவதற்கு முன் கடிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாதம் கழித்துப் பதில் வரும்போது, தான் என்ன கேட்டோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

பக்கத்து அஞ்சலகத்திலேயே சேர்க்கலாம்தான். ஆனால் நான் சனிக்கிழமை காலையில், பசியாறிவிட்டு, பெற்றோரோடு பிள்ளைகளை ஃபெரியில் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போவேன். படகுத்துறையிலிருந்து டவுனிங் தெருவில் இருக்கும் தலைமை அஞ்சலகம் நடந்து போகிற தூரம்தான். கட்டணம் அச்சடித்த சீட்டு வேண்டாம், அஞ்சல்தலையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, பிள்ளையே ஒட்டும். கடிதத்தைப் பைக்குள் வைக்கக் கூடாது, கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதும் கரோலின் யோசனைதான். பைக்குள் வைத்தால் அஞ்சலகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பிறகும் அது பைக்குள்ளேயே இருக்குமாம். ஃபெரியில் காற்று பலமாக அடிக்கும். இரண்டு கையாலும் உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

காத்திருப்பது

பதில் வராமலும் போகலாம் என்பதை உறை ஒட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சமாதானம் போலிருக்கும். பதிப்பகத்துக்குப் போய், அங்கே சேர்ந்து, எழுத்தாளருக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். சிலர் அச்சிட்ட அட்டை அனுப்புவார்கள். சிலருக்கு வயதாகியிருக்கும், உடம்பு முடியாமல் இருக்கும். எங்கள் கடிதங்களில் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை. கரோலைப் பார்த்து நானும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். எண், தேதி, யார், யாருக்கு, பதில் வந்த நாள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள் நிறைய. இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகள் எப்போதாவது வந்து, தங்கள் வரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதில் வந்தால், பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் அல்ல, பிள்ளை பிரித்துப் படித்த உடனே ஒரு படம் எடுத்துவிடுங்கள். காட்டு அசுரர்களைப் பற்றிய படக்கதையை 1963இல் வெளியிட்ட மாரிஸ் செண்டாக், ஒரு சின்னப் பையனுக்கு அசுரன் ஒன்றை வரைந்து அட்டை அனுப்பினார். பையனுக்கு ஆசை தாங்காமல் அட்டையைத் தின்றேவிட்டான் என்று அவன் அம்மா பதில் எழுதினாராம். தமக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் ஒன்றாக அதைச் செண்டாக் சொல்லியிருக்கிறார்.

பதிலுக்கு ஒரு பதில் போட வேண்டும். சின்னதாக, நன்றி சொல்லி. எழுத உட்காரும் முன் வந்த கடிதத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும், இதுவும் கரோலின் கையேட்டில் உண்டு. டிராகன் கதைக்கு எழுதிய பிள்ளைக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அரைப் பக்கம், கையெழுத்தில். மழை பெய்தால் டிராகன் சுண்ணாம்புக் குகைக்குள் போய்விடுமாம், ஆனால் வாலை உள்ளே இழுக்க மறந்துவிடுமாம். பள்ளி முழுவதும் காட்டிவிட்டு வந்தாள். உடனே பதில் எழுதத் தாள் கேட்டாள். “மறுபடியும் ஒரு தடவை படி” என்றேன். படித்தாள். கையெழுத்துக்குக் கீழே, தாளின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘நீ படிக்கும்போதெல்லாம் புத்தகத்தின் மேல் வந்து படுக்கும் பூனை என்று எழுதியிருந்தாயே, அதன் பெயர் என்ன?’

உறையில் முகவரியை எழுதி முடித்துவிட்டு, முதல் வரியிலேயே எழுதினாள்: ‘அவன் பெயர் மிளகு.’